லைனில் இருக்கீங்களா?

பெங்களூர் வெளிவட்டச் சாலையிலும் அதை ஒட்டிய டெக் பார்க்குகளிலும் குழு நடத்தும் மேலாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் எத்தனையோ பேர் தமிழர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இங்கிலீஷில் கோபப்பட வராது. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இங்கிலீஷில் ஆரம்பித்தால் கடைசியில் "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று கும்பிடு போட்டு முடித்துவிடுவேன்.

2024 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணி. இப்ளூர் சந்திப்புக்குப் பக்கத்தில் சர்வீஸ் ரோட்டில் என் தம்பி ஆட்டோவை ஓரங்கட்டி, சவாரியை இறக்கிவிட்டு, வண்டிக்கு முன்னால் நின்று சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான். பின்னால் வந்த கார் ஆட்டோவில் மோதியது. ஆட்டோ அவனைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாய்ந்தது. சவாரி வந்த பெண்ணுக்கு முழங்கையில் சிராய்ப்பு. தம்பிக்கு வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது, தலையிலும் அடி.

காரை ஓட்டிய பையன் குடித்திருக்கவில்லை. அசுர வேகமும் இல்லை. போன் கையில்கூட இல்லை, காரின் ஸ்பீக்கரில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது, உள்ளே ஒரு குரல் எந்த வேலை எப்போது முடியும் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்ததாம். அப்புறம் அந்தப் பையனின் பெயரைச் சொல்லி, "லைன்ல இருக்கீங்களா? மியூட்ல இருக்கீங்க போல" என்றதாம். பதில் இல்லை. குரல் அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

அந்தக் குரலுக்குத்தான் இந்தக் கடிதம். அது யாருடையது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. உங்களில் யாருடையதாகவும் இருந்திருக்கலாம்.

பையனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டுப் பக்கம். மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹார்லிக்ஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரிடம் கொடுப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஆபீசில் "இது உன் சொந்த விஷயம், அவர்களைப் போய்ப் பார்க்காதே, எதையும் எழுதிக் கொடுக்காதே" என்று சொல்லியிருந்தார்கள். அதையும் மீறித்தான் வந்தான். வழக்கு அவன்மேல் இருக்கிறது. அந்த மாதம் முதல் தேதிதான் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்திருந்தது. எஃப்ஐஆர் போட்டவர் பழக்கத்தில் "279" என்று சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டு "281" என்று திருத்தினார். சாலையில் கவனக்குறைவாக ஓட்டியதற்கான பிரிவு. தப்பு செய்தவன் ஒருவன்தான் என்று சட்டம் முடிவு கட்டிவிட்டது. மீட்டிங்கை நடத்தியவர் அன்று மதியம் வழக்கம்போலச் சாப்பிடப் போயிருப்பார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019இல் திருத்தப்பட்ட பிறகு, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. சந்திப்புகளில் இருக்கும் கேமராக்கள் அதைப் பிடித்து வீட்டுக்குச் சலான் அனுப்புகின்றன. (அந்தச் சலான் பாக்கிக்கு 2023இலும் 2025இலும் பாதிக்குப் பாதி தள்ளுபடி கொடுத்தார்கள். ஆடித் தள்ளுபடிக்குப் புடவைக் கடையில் நிற்கிற மாதிரி ஜனம் வரிசையில் நின்றது. அது வேறு கதை.) ஆனால் ஸ்பீக்கரில் பேசுவதைக் கேமரா பிடிக்காது. சட்டத்தின் வார்த்தையும் கையில் பிடிக்கும் கருவியைத்தான் சொல்கிறது. அதனால் கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருந்தால் எல்லாம் சரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

எல்லாம் சரியில்லை. போனில் பேசிக்கொண்டு ஓட்டுபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் பல வருடமாகச் சொல்லிவருகிறது. கையில் பிடிக்காமல் பேசுவது பெரிதாகப் பாதுகாப்பானது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அந்தப் பையன் என்னிடம் சொன்னதும் அதுதான்: "அக்கா, நான் ரோட்டைத்தான் பார்த்துட்டு இருந்தேன். ஆட்டோ நின்னுட்டு இருந்ததும் தெரிஞ்சது. ஆனா தெரியல." முதலில் சமாளிக்கிறான் என்று நினைத்தேன். பிறகு எனக்கே புரிந்தது. அரிசியில் கல் பொறுக்கும்போது யாராவது கணக்குக் கேட்டால் கை நின்றுவிடும். இல்லையென்றால் கல் உலையில் விழும்.

காரில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பேசுகிறவரும் பேசத்தானே செய்கிறார் என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது. பக்கத்தில் மனைவியோ நண்பரோ இருந்தால், தண்ணி லாரி குறுக்கே திரும்பியதும் பேச்சு தானாக நிற்கும். "பாத்து, பாத்து" என்பார்கள். இன்னொரு ஜோடிக் கண் இருக்கிறது. போனில் இருக்கும் உங்களுக்கு லாரி தெரியாது. சரியாக அந்த நொடியில்தான் "உங்க அப்டேட் என்ன?" என்று கேட்பீர்கள். மேலாளர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க இருபத்தாறு வயதுப் பையனுக்குத் தைரியம் வருமா? அம்மா கூப்பிட்டால் "அப்புறம் பேசறேம்மா" என்று வெட்டிவிடுவான். உங்களை வெட்ட முடியாது. அதனால்தான் போலீசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

"இந்த ஊர் டிராஃபிக்கில் எங்கே வேகமாகப் போவது? ஊர்ந்துகொண்டிருக்கும்போது மீட்டிங்கை முடித்துவிட்டால் நேரம் மிச்சம்" என்று உங்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். நியாயமான பேச்சு மாதிரித்தான் இருக்கிறது. டிராஃபிக்கை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் இந்த ஊரில் 10 கிலோமீட்டர் போக 34 நிமிடம் ஆனது. சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை பத்தொன்பதாம் வாய்ப்பாடு சொல்லி முடிக்கலாம். ஆனால் நெரிசல் ஒரே சீராக ஊர்வதில்லையே. அரை மணி நேரம் நின்றுவிட்டு, திடீரென்று முன்னால் இடம் கிடைக்கும். கிடைத்ததும் எல்லோரும் மிதிப்பார்கள். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். மனசு இரண்டு நொடி மீட்டிங்கில் இருந்தால், கிட்டத்தட்ட இரண்டு பி.எம்.டி.சி. பஸ் நீளத்துக்கு வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். அந்த நீளத்துக்குள் காருக்குள் இருப்பவருக்கு சீட் பெல்ட் உண்டு, பலூன் உண்டு. வெளியே நிற்பவன் கையில் சில்லறைதான் இருந்தது.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். தம்பி ஆட்டோ ஓட்டிய பதினாலு வருடத்தில் அவனை எத்தனை தடவை சவாரி நேரத்தில் கூப்பிட்டிருப்பேன்! "எங்கடா இருக்கே? வரும்போது ரசல் மார்க்கெட்ல பூ வாங்கிட்டு வா." அவன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசுவான். பின்னால் ஹாரன் சத்தம் கேட்கும். நான் வைக்க மாட்டேன். பூ என்ன விலை என்றுகூடக் கேட்டிருக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு போகும் டெலிவரிப் பையனைப் பார்த்து நாம் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்கிறோம். அவனுக்கு "வேர் ஆர் யூ" என்று போன் போட்டவர் நாமேதான். கேப் டிரைவருக்கும் அப்படியே. மேப்பில் வண்டி நகர்வது தெரிந்தும், "எங்க இருக்கீங்க?" என்று மூன்று தடவை கேட்கிறோம்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். டீம் டின்னர். இந்திராநகரிலோ கோரமங்களாவிலோ டேபிள் போடுவீர்கள், பில் கம்பெனிக் கணக்கு. நான் குடியைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வரவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒழுங்கு கிடையாது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: எல்லோரும் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இந்த ஊரில் பார் இரவு 1 மணி வரை திறந்திருக்கலாம். மெட்ரோ 11 மணியை ஒட்டி அடங்கிவிடுகிறது. நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஊர் என்ன வழி வைத்திருக்கிறது? ஒன்றரை மடங்கு கேட்கும் ஆட்டோ, அதுவும் நம்மைப் பார்த்துப் பிடித்திருந்தால். இல்லையென்றால் வாசலில் நிற்கும் சொந்த பைக். ராத்திரியில் பெண்களுக்கு வண்டி ஏற்பாடு செய்கிறீர்கள், நல்லது. ஆண் பிள்ளைகள் "நான் பாத்துக்கறேன் சார்" என்றால் விட்டுவிடுகிறீர்கள்.

சட்டத்தின் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் 185ஆம் பிரிவு: முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிடிபடாமல் சந்து வழியாகப் போவது எப்படி என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், அதை நான் சொல்லித்தர வேண்டாம். அவர்களுக்குத் தெரியாதது அடுத்த நாள் காலை. உடம்பு மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான் கழிக்கும். மோரோ எலுமிச்சையோ ஃபில்டர் காபியோ அதை ஓட வைக்காது, குளித்தாலும் போகாது. ராத்திரி 1 மணிக்கு 150இல் படுத்தவன் காலை 8 மணிக்கு எழுந்தால் இன்னும் 45 பாக்கி இருக்கும். தலைக்குக் குளித்து, சட்டை மாற்றி, தெளிவாக இருக்கிறோம் என்று நம்பி வண்டி எடுப்பான். இந்த ஊரில் காலை வேளையில் பள்ளி வேன் டிரைவர்களை ஊதச் சொன்னபோதே சிலர் மாட்டியிருக்கிறார்கள். பாவம், அவர்களும் ராத்திரிக் கணக்கு தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இதே கணக்கு வேறு ஒரு விதத்திலும் வேலை செய்கிறது. மத்திய அரசின் விபத்து அறிக்கையைத் திறந்தால், சாவுகளில் பெரும்பங்கு அதிவேகத்துக்குப் போகிறது. குடி, போன் இரண்டையும் கூட்டினாலும் பத்தில் ஒரு பங்கு வருவதில்லை. 2022இல் மட்டும் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் செத்திருக்கிறார்கள். அதில் போன் பேச்சால் செத்தவர் அவ்வளவு குறைவு என்று நான் நம்பவில்லை. அடிபட்டவரைத் தூக்குவதா, ஓட்டியவனை ஊதச் சொல்வதா? நாலு மணி நேரம் கழித்து ஊதினால் 60 மில்லிகிராம் காணாமல் போயிருக்கும். மீட்டிங்கில் இருந்தானா என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்தில் இருக்கிறது? என் தம்பியின் விபத்தும் "கவனக்குறைவு" என்ற ஒற்றை வார்த்தைக்குள் அடங்கிவிட்டது.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் வேலை முடிந்த இடத்தில் எங்கள் வேலை ஆரம்பித்தது.

தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர்கள் ஸ்டாண்டுக்காரர்கள். கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்று அவர்களுக்குப் பயம். காப்பாற்றப் போனவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவாகவும் வந்துவிட்டது. அதை யார் ஸ்டாண்டில் வந்து சொன்னார்கள்? ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி அட்வான்ஸ். நாற்பதாயிரம். என் வளையல் போனது. கர்நாடகத்தில் 2016 முதல் ஹரீஷ் சாந்த்வனா திட்டம் என்று ஒன்று உண்டு. நெலமங்கலா பக்கம் லாரியில் அடிபட்டு உடல் துண்டான நிலையிலும் தன் உறுப்புகளைத் தானம் செய்யச் சொன்ன இளைஞரின் பெயரில் வந்தது. முதல் 48 மணி நேரத்துக்கு 25,000 ரூபாய் வரை செலவை அரசு ஏற்கும். எனக்கு அது தெரிந்தபோது 48 மணி நேரம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. 2025 மே மாதம் மத்திய அரசின் திட்டம் வந்துவிட்டது: 7 நாள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை. எங்களுக்குப் பத்து மாதம் தாமதம். உங்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் இதை ஒட்டிவையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்காதீர்கள்.

தொடைக்குக் கம்பி வைத்தார்கள். கால் பரவாயில்லை, தாங்கித் தாங்கி நடக்கிறான். தலைதான். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் பெங்களூரின் ஒவ்வொரு கிராஸும் மனப்பாடமாக இருந்தவன், மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் தெருவில் நின்று யோசிக்கிறான். சத்தம் பொறுக்கவில்லை. ஒருபோதும் குரல் உயர்த்தாதவன் குழந்தையை அதட்டுகிறான், பத்து நிமிடம் கழித்து அழுகிறான். தலைக் காயம் இப்படியும் செய்யும் என்று நிம்ஹான்ஸ் மூளை, மனநல ஆஸ்பத்திரியில் விளக்கிச் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அதுவரை "திமிர் புடிச்சிடுச்சு" என்றே வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். அதில் நானும் சேர்த்தி.

அவன் மனைவி பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸில் இருந்தாள். வேலையை விட்டாள். ஒரு விபத்தில் இரண்டு சம்பளம் போனது. ஆட்டோவுக்கு லோன் பாக்கி. ஃபிசியோதெரபிக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு, போக வர ஆட்டோ. ஆட்டோக்காரன் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துப் போனான். ஸ்டாண்டுக்காரர்கள் பாதி நாள் காசு வாங்கவில்லை.

நஷ்டஈடு வரும், மேயோ ஹாலில் வழக்கு நடக்கிறது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் மாறியிருப்பதே எங்களுக்கு ஐந்தாவது மாதம்தான் தெரிந்தது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். போலீஸ் பத்து நாளுக்குள் பாதிக்கப்பட்டவர் கையில் உரிமைகள் அடங்கிய ஒரு படிவத்தைக் கொடுக்க வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. எங்களுக்கு வந்த காகிதங்களில் அது இருந்ததாக நினைவில்லை. வக்கீல் கேட்டார்: "வருமானச் சான்று?" ஆட்டோக்காரனுக்கு எங்கே சம்பளச் சீட்டு? நீதிமன்றம் உத்தேசமாக ஒரு தொகை வைத்துத்தான் கணக்குப் போடும். அவன் தினமும் எழுதிய சின்ன நோட்டை எடுத்துப்போய்க் காட்டினேன். கணக்கு எழுதுபவள் நான், அந்த நோட்டில் ஒரு கூட்டல் தப்புகூட இல்லை. அது சான்று ஆகாது என்றார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். மீட்டிங்கை ஆரம்பிக்கும்போது "யாராவது ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். யாராவது ஆம் என்றால், ஓரமாக நிறுத்தச் சொல்லாதீர்கள், சர்வீஸ் ரோட்டில்தான் நாங்கள் நிற்கிறோம். "அப்புறம் பேசலாம்" என்று அவரை லைனிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்பதரை மணி மீட்டிங் பதினொரு மணிக்கு நடந்தால் என்ன கெட்டுவிடும்? உங்களுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அமெரிக்கா தூங்கப் போகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பேசிப் பாருங்கள். டின்னர் பில்லில் வீட்டுக்குப் போகும் வண்டிக் கூலியையும் சேருங்கள், ஆண்களுக்கும். பைக் சாவியை ரிசப்ஷனில் வாங்கி வைத்துக்கொள்ளும் ஓட்டல் எது என்று விசாரித்து அங்கே டேபிள் போடுங்கள்.

இன்னொன்று. கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். ஏரியைச் சுற்றி மரம் நடுகிறீர்கள், டீ-சர்ட் போட்டு ஓடுகிறீர்கள். தப்பில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கை விபத்தில் அடிபட்டவர்களின் ஃபிசியோதெரபிக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட பெண்களுக்கும் கொடுக்க முடியுமா? லிங்கராஜபுரத்தில் 1959 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யும் ஏ.பி.டி. என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. வழி தெரியாது என்று சொல்ல முடியாது. அந்தப் பையனுக்கு உங்கள் கம்பெனி கவுன்சலிங் ஏற்பாடு செய்ததாம். சந்தோஷம், உண்மையாகவே. அவன் ராத்திரி தூங்குவதில்லை என்று என்னிடம் சொன்னான். என் தம்பி மனைவியும் தூங்குவதில்லை.

பதில் எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம். போனில் பேசுவதென்றால் காலை எட்டிலிருந்து பத்தரைக்குள் வேண்டாம். அந்த நேரத்தில் நான் பஸ்ஸில்தான் இருப்பேன், எனக்குப் பேச ஒன்றும் கஷ்டமில்லை. நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோக்காரனின் அக்கா,
மர்பி டவுன், அல்சூர், பெங்களூர்.